பூனைக்கண்ணுக்குள் சூடு ஏன் குறைவு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழின் நடுப்பக்கத்தில் பூனைக்கண் நெபுலாவின் படம் வந்தது. சாகப்போகும் நட்சத்திரம் ஒன்று உதிர்த்த வாயு மேகம் அது. பட்டியல் எண் என்.ஜி.சி. 6543. சந்திரா விண்வெளித் தொலைநோக்கி எடுத்த எக்ஸ் கதிர்ப் படத்தையும் ஹபிள் எடுத்த படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் செய்த கூட்டுப்படம் நாம் போட்டது. அடியில் '17 லட்சம் கெல்வின் வாயு' என்று ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி அந்த வரியைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி (வாசகி, காரைக்குடி): படத்தின் நடுவில் இருக்கும் நீலப் புகை நிஜமாகவே நீலமா? பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் அப்படித்தான் தெரியுமா?

தெரியாது. எக்ஸ் கதிருக்கு நம் கண்ணில் நிறமே கிடையாது. சந்திராவின் கேமரா ஃபோட்டான்களை, அதாவது ஒளித் துகள்களை, ஒவ்வொன்றாகப் பிடித்து, எங்கே விழுந்தது, எப்போது விழுந்தது, எவ்வளவு ஆற்றல் என்று எழுதி வைத்துக்கொள்கிறது. விழுந்த இடங்களில் புள்ளி குத்தினால் படம். அந்தப் புள்ளிகளுக்கு நீலம், ஹபிள் ஒளிக்குச் சிவப்பும் ஊதாவும் என்பது படம் தயாரித்தவர்களின் தேர்வு. சிவப்பு என்றால் சூடு, நீலம் என்றால் குளிர் என்று படித்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். இங்கே நீலம்தான் 17 லட்சம் கெல்வின். சிவப்பு, ஊதாவெல்லாம் 10,000 கெல்வின் சுற்றுவட்டாரம்.

ஆனால் எது எதற்குள் இருக்கிறது என்பதில் படத்தை நம்பலாம். நீலம் நடுவிலுள்ள முட்டை வடிவ ஓட்டுக்குள்ளும், அதன் இரண்டு முனைகளிலும் பிதுங்கி நிற்கும் குமிழ்களுக்குள்ளும் அடங்கியிருக்கிறது. சுவரைத் தாண்டி வழியவில்லை. இது தெரிந்ததே 2000 மே 10, 11 தேதிகளில் சந்திரா 46,000 நொடி, அதாவது ஏறத்தாழ 12 மணி 45 நிமிடம், இதை வைத்த கண் வாங்காமல் பார்த்த பிறகுதான். அதற்கு முந்தைய ரோசாட் செயற்கைக்கோளின் கேமராவுக்குக் கூர்மை சுமார் 25 ஆர்க்செகண்ட். (ஒரு டிகிரியை 3,600 ஆகப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்.) பூனைக்கண்ணின் பிரகாசமான பகுதி மொத்தமுமே அவ்வளவுதான். ஆகவே ரோசாட்டுக்கு அது ஒற்றைப் பொட்டு. சந்திராவின் கூர்மை அரை ஆர்க்செகண்ட். பொட்டு விரிந்து ஓடு, குமிழ், நடுவில் ஒரு புள்ளி என்று பிரிந்தது.

கேள்வி (வாசகர், விருதுநகர்): சாகப்போகும் நட்சத்திரம் ஆறிப்போக வேண்டியதுதானே? அதைச் சுற்றி லட்சக்கணக்கான டிகிரி எங்கிருந்து வருகிறது?

மோதலிலிருந்து. சூரியனைப் போலவோ அதைவிடச் சில மடங்கு பெரிதாகவோ இருக்கும் நட்சத்திரம், கடைசிக் காலத்தில் ஊதிப் பெருத்து, தன் மேலுடம்பை நொடிக்கு 10, 20 கி.மீ. என்ற மந்த வேகத்தில் உதிர்க்கிறது. உதிர்ந்து முடிந்ததும் உள்ளே இருந்த சூடான கரு வெளித்தெரிகிறது. அந்தக் கருவிலிருந்து வீசும் காற்று மிக மெல்லியது, ஆனால் மிக வேகமானது. பூனைக்கண்ணில் நொடிக்கு சுமார் 1,400 கி.மீ. பின்னால் புறப்பட்ட வேகக் காற்று முன்னால் போன மந்தக் காற்றின் முதுகில் இடிக்கிறது. குவோக், பர்ட்டன், ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற வானியலாளர்கள் மூவரும் 1978-இல் சொன்ன 'இரு காற்று' விளக்கம் இதுதான். வெளியே தள்ளப்பட்டுக் குவிந்த மந்தக் காற்று ஓடாகிறது. உள்ளே, அதிர்ச்சி அலையில் சிக்கித் திடீரென்று நின்றுபோன வேகக் காற்றின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது.

எவ்வளவு வெப்பம் என்பதற்கு மனக்கணக்கே போதும். வேகத்தை 'ஆயிரம் கி.மீ.' அலகில் எழுதி, அதை அதே எண்ணால் பெருக்கி, 1.4 கோடியால் பெருக்குங்கள். 1,400 கி.மீ. என்றால் 1.4 × 1.4 × 1.4 கோடி, அதாவது சுமார் 2.7 கோடி கெல்வின். சந்திரா அளந்தது 17 லட்சம். எதிர்பார்த்ததில் பதினாறில் ஒரு பங்கு. படத்தின் அடியில் நாம் போட்ட எண்ணைப் பார்த்து 'இவ்வளவு சூடா' என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் அதே எண்ணைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்றார்கள்.

கேள்வி (கல்லூரி ஆசிரியர், நாகர்கோவில்): மீதிச் சூடு எங்கே போனது? எக்ஸ் கதிராகக் கக்கியே ஆறிவிட்டது என்று சொல்லலாமா?

முதலில் தோன்றும் விடை அது. ஆனால் கணக்கு ஒத்துவராது. இந்த வாயு அவ்வளவு அடர்த்தியற்றது. கதிர்வீசியே ஆறுவதற்கு நெபுலாவின் வயதைவிட அதிகக் காலம் பிடிக்கும். வேறு மூன்று வழிகள் பேசப்படுகின்றன.

ஒன்று, வெப்பக் கடத்தல். 2.7 கோடி கெல்வின் வாயுவுக்குப் பக்கத்திலேயே 10,000 கெல்வின் சுவர். வேகமான எலெக்ட்ரான்கள் சூட்டைச் சுவருக்குக் கொண்டுபோகின்றன. சுவரின் உட்பக்கம் ஆவியாகி உள்ளே வருகிறது. குழம்பில் தண்ணீர் விட்ட மாதிரி, அளவு கூடிச் சூடு குறைகிறது. இரண்டாவது, கலப்பு. மெல்லிய வாயு கனத்த வாயுவைத் தள்ளும்போது எல்லைக்கோடு நேராக நிற்காது. விரல் விரலாக நீண்டு, கிழிந்து, துண்டுதுண்டாக உள்ளே வந்து கரையும். மூன்றாவது, காற்று எப்போதும் 1,400 கி.மீ. வேகத்தில் வீசவில்லை என்பது. தொடக்கத்தில் மெதுவாக வீசி, கரு சுருங்கச் சுருங்க வேகம் பிடித்தது. முன் சொன்ன மனக்கணக்கைத் திருப்பிப் போட்டால் 17 லட்சம் கெல்வினுக்கு நொடிக்கு 350 கி.மீ. போதும். நாம் பார்ப்பது பழைய காற்றின் சூடாக இருக்கலாம்.

கூடவே ஒன்றை மறக்கக் கூடாது. எக்ஸ் கதிர்ப் பிரகாசம் அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்து மடங்கு அடர்த்தியான இடம் நூறு மடங்கு பிரகாசம். எனவே '17 லட்சம்' என்பது குமிழின் சராசரி வெப்பம் அல்ல. சுவரை ஒட்டிய அடர்த்தியான பகுதியின் குரல்தான் அதில் ஓங்கிக் கேட்கிறது. கோடிக்கணக்கான கெல்வினில் மெல்லிய வாயு நடுவில் இருந்தாலும், அது எழுப்பும் ஓசை நம் காதில் விழாது. கணினி உருவகங்களில் அப்படித்தான் வருகிறது. மூன்று வழிகளில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடுவது வீண் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. ஆனால் எது எத்தனை பங்கு என்பதைப் பிரித்துச் சொல்ல ஒரு வழி உண்டு: உள்ளே இருக்கும் வாயு என்னென்ன தனிமங்களால் ஆனது என்று பார்ப்பது. சுவர் ஆவியாகி வந்திருந்தால் சுவரின் கலவை இருக்கும். வெறும் காற்று என்றால் நட்சத்திரத்தின் கலவை.

கேள்வி (வாசகி, தஞ்சாவூர்): அப்படியானால் கலவையைப் பார்த்துவிட்டார்களா? யாருடைய வாயு அது?

பார்த்தார்கள். இரண்டு முறை, இரண்டு விடைகள். 2001-இல் சந்திரா அளவீட்டை வெளியிட்ட யூ-ஹுவா சூ குழுவினர், சூடான வாயுவின் கலவை நட்சத்திரக் காற்றை ஒத்திருக்கிறது, ஓட்டின் கலவையை ஒத்திருக்கவில்லை என்றார்கள். 2015-இல் எக்ஸ்.எம்.எம்.-நியூட்டன் என்ற எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோளின் கீற்றணி நிறமாலைமானியில் (கதிரை ஆற்றல்வாரியாக நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் கருவி) எடுத்த அளவீடு வந்தது. வெப்பம் அதே 17 லட்சம். கலவை மட்டும் ஓட்டின் கலவையோடும் பொருந்தியது. நைட்ரஜன்-ஆக்சிஜன் விகிதம் காற்றுப் பக்கம் சாய்கிறது, ஆனால் அடித்துச் சொல்ல முடியாது என்று அவர்களே எழுதினார்கள்.

ஏன் இந்தத் தடுமாற்றம்? சந்திராவின் சிலிக்கான் கேமராவால் இந்த ஆற்றலில் சுமார் 100 எலெக்ட்ரான் வோல்ட் இடைவெளியைத்தான் பிரிக்க முடியும். (எலெக்ட்ரான் வோல்ட் என்பது ஃபோட்டானின் ஆற்றலை அளக்கும் அலகு. ஒரு தனிமம் தனக்கே உரிய ஆற்றலில் வீசும் கதிரைத்தான் அதன் 'கோடு' என்கிறோம்.) ஆறு எலெக்ட்ரான் இழந்த ஆக்சிஜனின் கோடு 570 எலெக்ட்ரான் வோல்ட் அருகே. ஏழு இழந்ததன் கோடு 654-இல். ஆறு எலெக்ட்ரான் இழந்த நைட்ரஜனின் கோடு 500-இல். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று வழிந்து ஒரே மேடாகத் தெரியும். மேட்டின் சாய்வை வைத்து எது எவ்வளவு என்று ஊகிக்க வேண்டும். கீற்றணி இவற்றைத் தனித்தனிக் கோடாகப் பிரித்துவிடும், ஆனால் அதற்கு ஃபோட்டான் ஏராளமாக வேண்டும். எக்ஸ்.எம்.எம். பூனைக்கண்ணைக் கீற்றணியோடு 14 முறை பார்த்தது. மொத்தம் 4,35,000 நொடி. அதில் பெரும்பகுதியில் விண்வெளிப் புரோட்டான்கள் இரைச்சலை ஏற்றிவிட்டன. வெட்டி எறிந்தது போகத் தேறியது 25,000 நொடி! பதினேழில் ஒரு பங்கு. அந்த மிச்சத்தில் ஐயமில்லாமல் தெரிந்த கோடு ஒன்றே ஒன்று: 22 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில், அதாவது முன் சொன்ன 570 எலெக்ட்ரான் வோல்ட் அருகே, ஆக்சிஜன்.

வெப்பம் உறுதி, கலவை உறுதியில்லை என்பதே பூனைக்கண்ணின் இன்றைய நிலை. பிடி+30 3639 என்ற இன்னொரு நெபுலாவில் நிலைமை மேல். சந்திராவின் கீற்றணி அதை சுமார் 3 லட்சம் நொடி பார்த்தது. முடிவு 2009-இல் வந்தது: கார்பன்-ஆக்சிஜன் விகிதம் சூரியனில் உள்ளதைப் போல 15 முதல் 45 மடங்கு, நியான்-ஆக்சிஜன் விகிதம் 3 முதல் 5 மடங்கு. இது நட்சத்திரத்தின் உட்கருவில் சமைந்த சரக்கு. சுவரிலிருந்து கரைந்து வந்தது அங்கே அதிகமில்லை. எனவே 'கடத்தலால்தான் ஆறுகிறது' என்று எல்லா நெபுலாவுக்கும் ஒரே சட்டை தைக்க முடியாது.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவி, மதுரை): 17 லட்சம் டிகிரிக்குள் விண்கலம் போனால் உருகிவிடுமா?

அந்த வாயுவால் உருகாது. வெப்பம் என்பது ஒவ்வொரு துகளும் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதன் அளவு; எத்தனை துகள் வந்து இடிக்கிறது என்பது வேறு கணக்கு. நாம் மூச்சுவிடும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் 2.7 × 10¹⁹ மூலக்கூறுகள். அங்கே பத்து, நூறு என்று விரல்விட்டு எண்ணும் அளவு. இட்லிப் பானைக்குள் 100 டிகிரி நீராவி கையைச் சுடுகிறது. மத்தாப்பிலிருந்து தெறிக்கும் பொறி அதைவிடப் பல மடங்கு சூடு, கையில் பட்டாலும் பெரிதாகச் சுடுவதில்லை. அதே கதை. ஆனால் நட்சத்திரத்துக்கு மிக அருகே போனால் அதன் புற ஊதா ஒளி சும்மா விடாது.

கேள்வி (வாசகர், யாழ்ப்பாணம்): நடுவிலுள்ள நட்சத்திரமும் எக்ஸ் கதிரில் தெரிகிறதே, அது இயல்புதானே?

இல்லை. அதன் மேற்பரப்பு பல பத்தாயிரம் கெல்வின். அவ்வளவு சூட்டில் பிரகாசம் புற ஊதாவில்தான் இருக்கும். எக்ஸ் கதிரில் கிட்டத்தட்ட ஒன்றும் வரக் கூடாது. ஆனால் அங்கே புள்ளி இருக்கிறது, அதன் ஆற்றலும் மேற்பரப்பு கொடுக்கக்கூடியதைவிட அதிகம். வீசும் காற்றுக்குள்ளேயே வேகமான அலை மெதுவான அலையை முட்டித் தோன்றும் சிறு அதிர்ச்சிகள் ஒரு விளக்கம். கண்ணுக்குத் தெரியாத துணை நட்சத்திரத்தின் சூடான மேல்மண்டலம் இன்னொன்று. பிற நெபுலாக்களிலும் இப்படிப்பட்ட நடுப்புள்ளிகள் கிடைத்திருப்பதால் பூனைக்கண் இதில் தனி ஆள் இல்லை.

கேள்வி (இயற்பியல் முதுகலை மாணவர், கோயம்புத்தூர்): சந்திரா தரவு இலவசம் என்கிறார்கள். 17 லட்சம் என்ற எண்ணை நானே என் மடிக்கணினியில் எடுத்துப் பார்க்க முடியுமா?

முடியும். ஆவணகத்திலுள்ள பழைய அளவீடுகள் எவருக்கும் இலவசம். பூனைக்கண்ணின் 2000-ஆம் ஆண்டு அளவீட்டு எண் 630. மென்பொருள் 'சியாவோ', லினக்ஸ், மேக் இரண்டிலும் ஓடும், விண்டோஸ் என்றால் உள்ளே லினக்ஸ் அடுக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். அளவுத்திருத்தக் கோப்புகளோடு சேர்த்து வட்டில் பத்து ஜிபியாவது ஒதுக்குங்கள். அளவுத்திருத்தக் கோப்பில்லாமல் நிறுவிவிட்டு, கடைசிப் படியில் போய் நிற்பவர்கள் அதிகம்.

இறக்கியதும் முதல் வேலை 'சந்திரா ரீப்ரோ' என்ற கட்டளை. பெட்டியோடு வரும் கோப்பு பழைய அளவுத்திருத்தத்தில் செய்தது. இது புதியதைப் போட்டு மறுபடி தயார் செய்து தரும். பிறகு நெபுலாவோ நட்சத்திரமோ இல்லாத ஒரு பகுதியில் நேரத்தோடு எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று வரையுங்கள். நேராகப் போகும் கோடு திடீரென்று எகிறினால் அந்த நேரத் துண்டை வெட்டிவிடுங்கள். எக்ஸ்.எம்.எம். கதையை மேலே பார்த்தீர்களே, அதே இரைச்சல்தான்.

ஆற்றலை 0.3 முதல் 2 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை மட்டும் வடிகட்டிப் படம் போடுங்கள். அதற்கு மேலே நெபுலா தருவது ஏறத்தாழ ஒன்றுமில்லை, பின்னணி மட்டும்தான் சேரும். கேமராவின் ஒரு பிக்சல் 0.492 ஆர்க்செகண்ட், நெபுலா சுமார் 25 பிக்சல் ஆரமுள்ள வட்டத்துக்குள் அடங்கும். அந்த வட்டத்தின் நடுவில் நட்சத்திரத்தைச் சுற்றி 3 பிக்சல் ஆரத்துக்கு ஓட்டை போட வேண்டும். கூர்மையான தொலைநோக்கி என்பதால் புள்ளியின் ஒளியில் 90 சதவீதத்துக்கு மேல் அதற்குள் போய்விடும். இந்த ஓட்டையை மறந்தால் நட்சத்திரத்தின் அதிக ஆற்றல் ஃபோட்டான்கள் கலந்து, வாயுவின் வெப்பம் கூடுதலாகக் காட்டும். பின்னணிக்கு நெபுலாவைச் சுற்றி, தள்ளி, ஒரு வளையம் எடுத்துக்கொள்ளுங்கள். அது அதே சில்லில் இருக்க வேண்டும். இந்தக் கேமராவில் சில சில்லுகள் முன்பக்கம் ஒளி வாங்குபவை, சில பின்பக்கம். இரண்டுக்கும் பின்னணி வேறு. நெபுலா விழுந்திருப்பது 'எஸ்-3' என்ற பின்பக்கச் சில்லில். 1999-இல் ஏவிய புதிதில், கதிர்வீச்சுப் பட்டையைக் கடக்கும்போது கண்ணாடிகள் குவித்த புரோட்டான்கள் முன்பக்கச் சில்லுகளைப் பழுதாக்கின. எஸ்-3 தப்பியது.

அடுத்து 'ஸ்பெக்எக்ஸ்ட்ராக்ட்' கட்டளை நிறமாலையையும், கருவி எந்த ஆற்றலை எவ்வளவு பிடிக்கும் என்ற அட்டவணைகளையும் தரும். விரிந்த பொருள் என்பதால் புள்ளி மூலத்துக்கான திருத்தத்தை அணைத்து வையுங்கள். கிடைத்த ஃபோட்டான்கள் ஆயிரக்கணக்கில்தான், லட்சக்கணக்கில் அல்ல. ஆகவே ஆற்றலைக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு 20 ஃபோட்டானாவது வரும்படி சேர்த்த பிறகே கை-வர்க்க (chi-square) முறையில் மாதிரியைப் பொருத்தலாம். சேர்க்காமல் பொருத்த ஆசைப்பட்டால் 'கேஷ்' அளவையைப் பயன்படுத்துங்கள்.

பொருத்தும் இடத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். மாதிரி எளியது: முன்னால் ஒரு உறிஞ்சும் திரை, பின்னால் சூடான வாயு. திரை என்பது வழியிலுள்ள ஹைட்ரஜனும் அதோடு கலந்த பிற தனிமங்களும். அது குறைந்த ஆற்றல் எக்ஸ் கதிரை விழுங்கும். திரையின் அடர்த்தியையும் வாயுவின் வெப்பத்தையும் ஒரே நேரத்தில் கட்டவிழ்த்து விட்டால், கணினி தந்திரம் செய்யும். 'வாயு குளிர்ச்சி, திரை தடிமன்' என்பதும் 'வாயு சூடு, திரை மெல்லியது' என்பதும் ஒரே மாதிரி நிறமாலையைத் தரும். கணினி முதல் விடையின் பக்கம் சரிந்தால், திரையால் மறைந்துபோனதாகக் கணினி எண்ணும் ஒளியையெல்லாம் கூட்டி, நெபுலாவின் பிரகாசம் நம்ப முடியாத அளவுக்கு ஊதிவிடும். தீர்வு: திரையைக் கண்ணொளி அளவீட்டிலிருந்து எடுத்துக் கட்டிப் போடுவது. தூசியால் ஒளி எவ்வளவு சிவந்திருக்கிறது என்ற அளவை 5.8 × 10²¹ ஆல் பெருக்கினால் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஹைட்ரஜன் அணு என்று வரும். எடுத்துக்காட்டாக, சிவப்பேற்றம் 0.1 என்றால் 5.8 × 10²⁰.

தனிமங்களையும் ஒரேயடியாக அவிழ்க்காதீர்கள். முதலில் எல்லாவற்றையும் ஓட்டின் கலவையில் நிறுத்தி வெப்பத்தை மட்டும் தேடுங்கள். 0.15 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி வந்தால் வழி சரி. 1 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் 1.16 கோடி கெல்வின் என்பதால், 0.147 என்பது 17 லட்சம். பிறகு நைட்ரஜனை மட்டும் அவிழ்த்துப் பாருங்கள், அடுத்து நியான். ஒவ்வொரு முறையும் பிழை எல்லையை வரையுங்கள். நைட்ரஜனின் எல்லை எவ்வளவு அகலமாக வருகிறது என்று உங்கள் திரையிலேயே பார்த்துவிட்டால், 2001-க்கும் 2015-க்கும் இடையே இருக்கும் தகராறு தானாகப் புரியும்.

நெபுலாவின் தூரத்தில் சர்ச்சை இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். தூரம் மாறினால் பிரகாசக் கணக்கு மாறும், வெப்பம் அசையாது.

கேள்வி (வாசகர், சேலம்): சந்தேகம் என்றால் சந்திராவையே இன்னொரு முறை, இன்னும் நீளமாகப் பார்க்கச் சொல்லலாமே?

2000-இல் இருந்த சந்திரா இப்போது இல்லை. கேமராவுக்கு முன்னால் வெளிச்சத்தைத் தடுத்து எக்ஸ் கதிரை மட்டும் விடும் மெல்லிய வடிகட்டி ஒன்று உண்டு. அது மைனஸ் 60 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. விண்கலத்துக்குள் கசியும் கரிம ஆவி, குளிர்ந்த சோடாப் பாட்டிலில் ஈரம் பூப்பது போல, அதன்மேல் ஆண்டுக்கணக்கில் படிந்துகொண்டே வருகிறது. அந்தப் படிவு முதலில் விழுங்குவது குறைந்த ஆற்றல் ஃபோட்டான்களை. பூனைக்கண் தருவதோ அவற்றை மட்டும்தான்! சூடாக்கி ஆவியாக்கிவிடலாம் என்ற யோசனை எழுந்தது. வடிகட்டிக்கே ஆபத்து என்பதால் செய்யவில்லை. ஆகவே இந்த வகை மென்மையான (குறைந்த ஆற்றலில் மட்டும் ஒளிரும்) மூலங்களுக்கு 2000-ஆம் ஆண்டுத் தரவு ஒரு பொக்கிஷம். கோயம்புத்தூர் மாணவருக்கும் இது பொருந்தும்: புதிய அளவீடுகளைத் தொடும்போது அந்தந்தத் தேதிக்கான அட்டவணையைப் போடாவிட்டால், படிவு விழுங்கியதையெல்லாம் விண்வெளித் திரையின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

கேள்வி (வாசகி, புதுச்சேரி): நம் ஆஸ்ட்ரோசாட்டால் முடியாதா?

இந்த வேலைக்கு இல்லை. 2015-இல் ஏவிய ஆஸ்ட்ரோசாட்டின் மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குக் கூர்மை சில ஆர்க் நிமிடங்கள் (ஒரு ஆர்க் நிமிடம் 60 ஆர்க்செகண்ட்). பூனைக்கண் அதற்குள் காணாமல் போய்விடும். அதே செயற்கைக்கோளின் புற ஊதாத் தொலைநோக்கி வேறு ரகம்; அது என்.ஜி.சி. 40 என்ற கோள்வடிவ நெபுலாவைச் சுற்றி மங்கலான புற ஊதா ஒளிவட்டம் இருப்பதைக் காட்டியது.

கேள்வி (வாசகர், திருநெல்வேலி): சந்திரா என்றால் நிலாவா?

அல்ல. சுப்ரமணியன் சந்திரசேகர். 1910-இல் லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-இல் நோபல் பரிசு பெற்றவர். பூனைக்கண்ணின் நடுநட்சத்திரம் கடைசியில் வெள்ளைக் குறுமீனாகத்தான் ஒடுங்கும். அப்படி ஒடுங்கும் நட்சத்திரம் எவ்வளவு எடை தாங்கும் என்ற வரம்பைக் கணக்கிட்டவர் அவர்.

கேள்வி (வாசகர், ஈரோடு): இதைவிட விசித்திரமான நெபுலா எதிலாவது சூடான வாயு கிடைத்திருக்கிறதா?

ஏபெல் 30. கடக ராசியில், சுமார் 5,500 ஒளியாண்டு தொலைவு. அந்த நட்சத்திரம் ஒருமுறை நெபுலாவை உதிர்த்து முடித்து, அணைந்துகொண்டிருந்த வேளையில், மிச்சமிருந்த ஹீலியம் திடீரென்று பற்றிக்கொண்டு மறுபடி ஊதிப் பெருத்தது. சுமார் 850 ஆண்டுக்கு முந்தைய சங்கதி. அப்போது கக்கியதில் ஹைட்ரஜன் அநேகமாக இல்லை. பழைய வட்ட நெபுலாவுக்கு நடுவே இந்தப் புதுக் கட்டிகள் வால்நட்சத்திரம் போல வாலோடு நிற்கின்றன. இப்போதைய காற்றின் வேகம் நொடிக்கு 4,000 கி.மீ.! மனக்கணக்கைப் போட்டால் 22 கோடி கெல்வின் வர வேண்டும். ஆனால் சந்திராவும் எக்ஸ்.எம்.எம்.-மும் கண்டது மிக மென்மையான எக்ஸ் கதிர். அதில் கார்பன் கோடு தூக்கலாகத் தெரிகிறது. காற்று கட்டிகளைச் சுரண்டி, சுரண்டிய சரக்கின் பாரத்தில் ஆறிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். கட்டியிலுள்ள குளிர்ந்த அணுவிடமிருந்து காற்றிலுள்ள கார்பன் ஒரு எலெக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும்போதே எக்ஸ் கதிர் வரும், அதற்கு வாயு சூடாக இருக்கவே வேண்டாம் என்பது இன்னொன்று. பூனைக்கண்ணில் சுவர் ஒன்றுதான் சந்தேக நபர். இங்கே உள்ளுக்குள்ளேயே பல பேர்.

கேள்வி (வாசகர், கும்பகோணம்): பூனைக்கண்ணை நம் ஊரிலிருந்து பார்க்க முடியுமா?

எக்ஸ் கதிரை வளிமண்டலம் விழுங்கிவிடும், அதற்கு வாய்ப்பே இல்லை. நெபுலாவின் ஓட்டுப் பகுதியைக் கண்ணொளியில் பார்க்கலாம். டிராகோ விண்மீன் மண்டலத்தில் டெல்டா, சீட்டா என்ற இரண்டு நட்சத்திரங்களுக்கு ஏறத்தாழ நடுவில் தேடுங்கள். வடக்கே வெகு தூரம் என்பதால் உச்சியில் இருக்கும்போதும் சென்னையில் 36 டிகிரி, குமரியில் 31 டிகிரி உயரம்தான். ஜூலை மூன்றாம் வாரம் இரவு 10 மணி, ஆகஸ்ட் மூன்றாம் வாரம் 8 மணி வாக்கில் அந்த உயரத்துக்கு வரும். மழை மேகமும் வடக்கே இருக்கும் ஊர் விளக்கும்தான் தொல்லை.

பைனாகுலரில் சாதாரண நட்சத்திரம் மாதிரியே இருப்பதால் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். 6 அங்குலத் தொலைநோக்கியில் 50 மடங்கில் வைத்து, 'கொஞ்சம் கொழுத்த, பச்சை கலந்த நட்சத்திரம்' எது என்று பாருங்கள். சந்தேகம் வந்தால், 500.7 நானோமீட்டர் ஆக்சிஜன் ஒளியை விடும் வடிகட்டியைக் கண்ணுக்கும் கண்ணருகு வில்லைக்கும் நடுவே பிடித்துப் பிடித்து எடுங்கள். சுற்றியுள்ள நட்சத்திரங்கள் மங்கும்; நெபுலா மட்டும் அப்படியே நிற்கும். வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ் 1864 ஆகஸ்ட் 29 அன்று இதே நெபுலாவின் ஒளியைப் பட்டகத்தில் பிரித்தபோது பார்த்ததும் அந்த ஒளியைத்தான். எந்தத் தனிமத்தோடும் பொருந்தாததால் 'நெபுலியம்' என்று புதுத் தனிமமே இருப்பதாக நினைத்தார்கள். இரண்டு எலெக்ட்ரான் இழந்த ஆக்சிஜன்தான் அது என்று 1927-இல் இயற்பியலாளர் ஐரா போவன் சொல்லும்வரை அந்தப் பெயர் ஓடியது. அடையாளம் கண்ட பிறகு வடிகட்டியை எடுத்துவிட்டு 200 மடங்குக்குப் போங்கள். முட்டை வடிவமும், காற்று அசையாத இரவில் நடுநட்சத்திரமும் பிடிபடும்.